புகார் வராத உடைமாற்றும் அறை

மார்ச் 3

உயர்திரு மதிப்பீட்டாளர் அவர்களுக்கு,

பல்கலைக்கழக விளையாட்டு மையத்தின் இயக்குநர் எழுதிக்கொள்வது. தாங்கள் தங்கள் குழுவினர் இருவருடன் எங்கள் மையத்துக்கு வருகை தந்து, எல்லாப் பிரிவுகளையும் பார்வையிட்டு, நிறைவுக் கூட்டத்தில் துணைவேந்தர் முன்னிலையில் என் மூக்கை உடைத்துவிட்டுச் சென்றமைக்கு மிக்க நன்றி.

இதற்கு மேல் தாங்கள், தங்கள் என்று எழுத எனக்கு வரவில்லை. கொக்கு, நீ செய்தது உனக்கே நியாயமாக இருக்கிறதா? நாம் இருவரும் ஒரே அணியில் ஓடிய காலத்தில் உன் நெட்டைக் காலைப் பார்த்து நான் வைத்த பெயர் அது. அப்புறம் உன் அண்ணனையே கட்டிக்கொண்டு உனக்கு அண்ணியாகவும் வந்தேன். முந்தின நாள் மாலை என் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, "அண்ணி, கை மணக்குது"ன்னு சொன்ன அதே வாய், மறுநாள் என்ன சொன்னது? "பெண்கள் உடைமாற்றும் அறை மனிதர் பயன்படுத்தும் நிலையில் இல்லை. இயக்குநர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே பல காலம் ஆகியிருக்கும்."

பதிவாளர் குனிந்து சிரித்தார். நான் பார்த்தேன்.

என் மையத்தில் நட்சத்திரப் பலகை இருக்கிறது. மாதம் முழுக்க ஒரு புகாரும் வராத பிரிவுக்கு நட்சத்திரம். நட்சத்திரம் வாங்கியவர் அடுத்த மாதம் தனக்கு வேண்டிய ஷிப்டை முதலில் எடுத்துக்கொள்ளலாம். நானே யோசித்துக் கொண்டுவந்த ஏற்பாடு. நீ மனிதர் நுழைய முடியாது என்றாயே, அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மாவுக்கு மாதம் தவறாமல் நட்சத்திரம் கிடைக்கிறது. புகார்ப் பெட்டி என் அறை வாசலிலேயே இருக்கிறது. அறை மோசம் என்றால் ஒருத்தியாவது ஒரு சீட்டு போட்டிருக்க மாட்டாளா? நீ யாரோ கைப்பந்து அணித் தலைவியிடம் கேட்டாயாம். அந்தப் பெண் தினமும் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போகிறாள்.

பெண்களுக்கான மாலை நேரத்தை நான் நிறுத்தியதையும் சொல்லிக் காட்டினாய். ஆளே வராத நேரத்துக்கு விளக்கு எரித்து, ஊழியரை உட்கார வைத்து, வெறும் தரையைக் காவல் காப்பதற்குப் பெயர் நிர்வாகமா? அதனால்தான் உள்ளரங்கை அந்த நேரத்துக்குப் பேராசிரியர்களின் பூப்பந்துக் குழுவுக்குக் கொடுத்தேன். அவர்கள் தவறாமல் வருகிறார்கள்.

போன் பண்ணாதே. எடுக்க மாட்டேன்.

இயக்குநர்


மார்ச் 8

அண்ணி,

போன் எடுக்கவில்லை. அண்ணனிடம் கேட்டால், "எனக்கு எதுவும் தெரியாது, என்னை விட்டுடு"ன்னு வைத்துவிட்டான். ஊருக்கெல்லாம் பல் பிடுங்குகிற டாக்டருக்கு வீட்டில் மட்டும் வாய் திறக்காது. அதனால் நானும் பேனாவை எடுத்தேன்.

முதலில் மன்னிப்பு. நான் சொன்ன விஷயத்துக்கு அல்ல, சொன்ன விதத்துக்கு. அந்தக் கடைசி வாக்கியம் தேவையே இல்லை. முந்தின மாலை சாப்பாட்டு மேசையில் நீங்கள் உங்கள் நட்சத்திரப் பலகையின் படத்தைப் போனில் விரித்து விரித்துக் காட்டினீர்கள். நான் பத்து இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு எரிச்சல். அதைக் கூட்டத்தில் தீர்த்துக்கொண்டேன். இதை எழுதும்போதே கூசுகிறது.

ஆனால் அந்தத் தலைவியை ஒன்றும் சொல்லாதீர்கள். அவள் தானாக வாய் திறக்கவில்லை. நான்தான் குடைந்தேன். "ஏம்மா புகார் எழுதல?"ன்னு கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"எழுதினா ஆயம்மாவுக்கு ஸ்டார் போயிடும் மேடம். ஸ்டார் போனா காலை ஷிப்ட் கிடைக்காது. வீட்ல அவங்க வீட்டுக்காரர் படுத்த படுக்கையா இருக்காரு. சாயந்திரம் அவங்க இல்லேன்னா அவரை யாரு பாத்துப்பாங்க? அதான் நாங்க யாரும் எழுத வேணாம்னு பேசி வெச்சுக்கிட்டோம்."

அண்ணி, உங்கள் மையத்தில் புகார் இல்லாததற்குக் காரணம் அந்தப் பெண்களின் நல்ல மனசு. அதை நீங்கள் தரம் என்று பலகையில் ஒட்டி வைத்திருக்கிறீர்கள்.

என் பேச்சை நம்ப வேண்டாம். ஒருநாள் மைதானத்தில் நாலு சுற்று ஓடி, வேர்த்து விறுவிறுத்து, அந்த அறையில் போய்க் குளித்துப் பாருங்கள். சாவியை முன்கூட்டியே கேட்டு, தரையெல்லாம் துடைக்கச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள்.

இறுதி அறிக்கையில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

கொக்கு


மார்ச் 15

கொக்கு,

போனேன்.

உன்னைப் பொய்யாக்க வேண்டும் என்றுதான் போனேன், அதை மறைக்கவில்லை. நாலு சுற்று முடியவில்லை, இரண்டோடு மூச்சு வாங்கிவிட்டது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் உள்ளே நுழைந்தேன்.

குளியல் தடுப்புகள் எதிலும் தாழ்ப்பாள் இல்லை. இருந்த இடத்தில் ஆணி ஓட்டைதான் இருக்கிறது. விளக்கு ஒன்றுதான் எரிந்தது, அதுவும் வாசலில். மேலே இருக்கிற சன்னலின் கண்ணாடி உடைந்து போயிருக்கிறது. அந்தச் சன்னல் எங்கே பார்க்கிறது தெரியுமா? ஆண்களின் எடைப் பயிற்சிக் கூடத்துக்கு ஏறுகிற படிக்கட்டை. பெண்கள் செய்தித்தாளை ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஈரத்தில் தினமும் கழன்று விழும்போல, ஒட்டிய தடத்தின் மேலேயே ஒட்டிய தடம்.

ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். சோப்பு கண்ணில் போயிற்று. துடைக்கக் கையில்லை. படிக்கட்டில் ஆண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு இறங்குகிற சத்தம். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை, அவர்கள் பாட்டுக்குப் போனார்கள். ஆனாலும் நான் குந்தி உட்கார்ந்துவிட்டேன். இந்த வயதில், இந்தப் பதவியில், என் மையத்திலேயே, முழங்காலைக் கட்டிக்கொண்டு.

வெளியே ஆயம்மாவின் குரல் கேட்டது. "யாரும்மா உள்ள? வாளியை ரொப்பி கதவுக்கு முட்டுக் கொடும்மா, எல்லாரும் அப்படித்தான் குளிக்கிறாங்க."

போன வருடம் நான் அவளைத் திட்டியிருக்கிறேன். எதற்கு எல்லா வாளியிலும் தண்ணீரை ரொப்பி வைத்திருக்கிறாய், தண்ணீர் வீணாகிறது என்று. 

நான் வெளியே வந்ததும் அவளுக்கு முகம் வெளிறிப் போயிற்று. "மேடம், நான் சொல்லாம இல்ல. பராமரிப்புல போய்ச் சொன்னேன். எழுதிக் குடுத்தா எங்க ஸ்டார் போயிடும், வாய்ல சொல்லு, பாத்துக்கலாம்னாங்க. பாக்கவே இல்ல. என் வேலைக்கு ஒண்ணும் ஆயிடாதே மேடம்?"

அவள் என்னிடம் கெஞ்சுகிறாள், கொக்கு. நான் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நிற்கிறேன், என்னிடம் போய்க் கெஞ்சுகிறாள். அந்த இடத்தில் பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாலையில் ஏன் ஆள் வரவில்லை என்று இப்போது புரிகிறது. இருட்டின பிறகு அந்த அறைக்குள் எவள் போவாள்? அவர்கள் வராமல் போனதை நான் எண்ணிக்கையாக மட்டும் பார்த்தேன். பார்த்து, அவர்கள் நேரத்தையே பிடுங்கி, பூப்பந்துக்குக் கொடுத்தேன். அதைச் சிறந்த நிர்வாகம் என்று கூட்டத்தில் வேறு பேசினேன்.

தாழ்ப்பாளும் விளக்கும் கண்ணாடியும் மறுநாளே போட்டாகிவிட்டது. நட்சத்திரப் பலகையை என் கையாலேயே கழற்றிவிட்டேன். ஆயம்மாவுக்குக் காலை ஷிப்ட் நிரந்தரம். மாலை நேரத்தை மட்டும் நான் தனியாகத் திருப்பிக் கொடுக்க முடியாது, நேரப்பட்டியல் குழுவுக்குப் போக வேண்டும். உன் அறிக்கை வரட்டும். உள்ளதை உள்ளபடி எழுது. அதைக் காட்டித்தான் கேட்கப் போகிறேன்.

அண்ணி


மார்ச் 16

அண்ணி,

உங்களிடமிருந்து பதிலே இல்லை. ஆனால் அண்ணன் நேற்று போன் பண்ணினான். நீங்கள் சாப்பிடுவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை, ஏதோ ஒருநாள் தலை ஈரத்தோடு வீட்டுக்கு வந்து அப்படியே உட்கார்ந்திருந்தீர்கள் என்றான். "அவ மானம் போச்சுன்னு உள்ளுக்குள்ளயே செத்துக்கிட்டிருக்கா. உனக்கு ஒரு கையெழுத்து. எங்களுக்கு வாழ்க்கை"ன்னான். அண்ணன் அழுது நான் கேட்டதே இல்லை, அண்ணி. அப்பா போன அன்றுகூட அவன் எனக்குத்தான் தைரியம் சொன்னான்.

அதனால் போட்டுவிட்டேன். "பெண்கள் வசதிகள்: சிறு குறைகள் சரிசெய்யப்பட்டு வருகின்றன. ஒட்டுமொத்தத் தரம்: மிகச் சிறப்பு." கையெழுத்துப் போட வந்த குழுவினர் இருவரும் கேள்வி கேட்கவில்லை. அவர்களுக்கு ரயிலுக்கு நேரமாகியிருந்தது.

சந்தோஷப்படுங்கள். அடுத்த முறை வரும்போது எனக்குச் சாப்பாடு போடுவீர்கள் இல்லையா?

கொக்கு


மார்ச் 27

கொக்கு,

உன் கடிதமும் என் கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. நான் உள்ளதை எழுதச் சொன்னது உனக்குக் கிடைப்பதற்கு முன்பே நீ கையெழுத்துப் போட்டுவிட்டாய். உன் அண்ணனிடம் நான் பேசுவதில்லை. அவரும் அழுகிறார். அழட்டும்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். சான்றிதழ் வந்தது. துணைவேந்தர் மாலை போட்டார். நான் குனிந்து வாங்கிக்கொண்டேன். பின்வரிசையில் அந்தக் கைப்பந்துப் பெண்கள் நின்று கை தட்டினார்கள். கிண்டலாகத் தட்டவில்லை, நிஜமாகவே தட்டினார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுவாரம் நேரப்பட்டியல் குழுவில் பெண்களுக்கு மாலை நேரத்தைத் திரும்பக் கேட்டேன். பதிவாளர் தலைமை. அவரும் அந்த நேரத்தில் பூப்பந்து ஆடுகிறவர்தான், மட்டை அவர் நாற்காலிக்குப் பின்னாலேயே சாய்ந்திருந்தது. அறை சரியில்லாததால்தான் பெண்கள் வரவில்லை, தப்பு என்னுடையது என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அவர் சான்றிதழின் நகலை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"உங்க மையத்துக்குத்தான் மிகச் சிறப்புன்னு குடுத்திருக்காங்களே. வெளியாளுங்க வந்து பாத்து, குறை இல்லேன்னு எழுதியிருக்காங்க. நல்லா ஓடுற வண்டியை எதுக்கும்மா நிறுத்துறீங்க? நீங்க ரொம்ப தன்னடக்கமான ஆளு."

தன்னடக்கமாம். எல்லாரும் சிரித்தார்கள். நான் உண்மையைச் சொன்னேன், அது அடக்கமாகப் போய்விட்டது. என் வாயை உன் தாள் அடைத்துவிட்டது.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இதுவரை யாரும் யாரிடமும் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். எனக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள். என்னைத் தோற்கடி. மையம் தேறவில்லை என்று எழுது. அப்போதுதான் அந்தப் பெண்களுக்கு மாலை நேரம் திரும்பக் கிடைக்கும்.

அண்ணி


ஏப்ரல் 2

அண்ணி,

நீங்கள் கேட்பது சுலபம் என்று நினைக்கிறீர்கள். கையெழுத்துப் போட்ட அறிக்கையைத் திரும்பப் பெற வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும். என்ன சொல்வேன்? என் அண்ணன் அழுதான் என்றா?

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. மதிப்பீட்டுக்குக் கிளம்பும் முன் ஒவ்வொருவரையும் கேட்பார்கள், அந்த மையத்தில் உங்களுக்கு உறவினர் யாராவது உண்டா என்று. நான் இல்லை என்றேன். அண்ணி ரத்த உறவு இல்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உங்கள் மையம் ஜெயிப்பதை உள்ளே இருந்து பார்க்க ஆசை. இன்னொரு பக்கம், உங்களை மதிப்பிடும் இடத்தில் ஒருமுறை உட்காரவும் ஆசை. இரண்டும்தான், பொய் சொல்ல மாட்டேன்.

இப்போது வாய் திறந்தால் அது வெளியே வரும். மதிப்பீட்டாளர் பட்டியலில் இருந்து தூக்கிவிடுவார்கள். எனக்கு வேறு என்ன இருக்கிறது, அண்ணி? கல்லூரியில் நான் ஒரு சாதாரண உடற்கல்வி ஆசிரியை. பெஞ்சில் பெயர் கிறுக்கும் பிள்ளைகளை விரட்டுவதுதான் வேலை. இந்த மதிப்பீட்டு வேலையில்தான் நாலு பேர் எழுந்து நிற்கிறார்கள்.

என்னால் முடியாது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

கொக்கு


ஏப்ரல் 6

கொக்கு,

சரி. உன்னைக் கோபிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நான் மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டவள்தானே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


ஏப்ரல் 14

அண்ணி,

நீங்கள் திட்டி எழுதியிருந்தால் சும்மா இருந்திருப்பேன். திட்டாமல் எழுதினீர்கள்.

நேற்றுப் போய்ச் சொல்லிவிட்டேன். மதிப்பீட்டு அமைப்பின் தலைவர் மேசைக்கு எதிரே நின்று, "அவங்க என் அண்ணி. நான் மறைச்சேன். அறிக்கையும் உண்மை இல்ல. அறை நல்லா இல்லேன்னு கண்ணால பாத்துட்டு, நல்லா இருக்குன்னு எழுதினேன்"னேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "உங்களைப் பத்தி நான் எல்லார்கிட்டயும் எவ்வளவு பெருமையா சொல்லியிருக்கேன்"னார். அவ்வளவுதான். கத்தியிருந்தால் தேவலை.

உங்கள் சான்றிதழை நிறுத்தி வைக்கிறார்கள். மறு மதிப்பீடு வரும். உங்களிடமும் விளக்கம் கேட்பார்கள், தயாராக இருங்கள். இனிமேல் நான் எங்கேயும் போக முடியாது.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது, யாரோ என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. யாரும் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றேன்.

கொக்கு


மே 20

என் கொக்கு,

உனக்கு நான் என்ன செய்து தீர்ப்பேன் என்று தெரியவில்லை. நேரில் வா. அழுவதாக இருந்தால் இருவரும் சேர்ந்து அழுவோம். உன் அண்ணனுக்குக்கூட ஒரு வேளை சாப்பாடு போட ஆரம்பித்திருக்கிறேன்.

எனக்கு மெமோ வந்தது. பதில் கொடுத்துவிட்டேன். பதவி போகவில்லை, ஆனால் துணைவேந்தர் என்னைக் கண்டால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார். மறு மதிப்பீட்டுக்கு முன் குறைகளைச் சரிசெய்தாக வேண்டும் என்பதால், பதிவாளர் பல்லைக் கடித்துக்கொண்டு மாலை நேரத்தைப் பெண்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நீ கொடுத்த விலைக்கு அது கிடைத்தது.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். மாலை நேரம் திறந்தது. ஒருத்தியும் வரவில்லை. மறுநாளும் இல்லை. அந்த வாரம் முழுக்க இல்லை. விளக்கெல்லாம் எரிய, புதுத் தாழ்ப்பாள் பளபளக்க, நான் மட்டும் உள்ளரங்கில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பூப்பந்துக்காரர்கள் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். "நாங்கதான் சொன்னோமே மேடம்"னு ஒருவர் சொல்லிவிட்டே போனார். மறு மதிப்பீட்டாளர்கள் வரும்போதும் அரங்கம் காலியாக இருந்தால் நேரம் மறுபடி போய்விடும். அப்புறம் உன் தியாகத்துக்கு அர்த்தமே இல்லை.

அதனால் மாணவியர் விடுதிக்குப் போனேன். அந்தக் கைப்பந்துத் தலைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி தேடினாள். நான் உட்காரவில்லை. வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போன மன்னிப்பில் பாதிதான் வாயில் வந்தது. கோபமாக இருப்பீர்கள், அது நியாயம் என்றேன்.

"கோபம்லாம் இல்ல மேடம். பழகிடுச்சு. நாங்க இப்ப நூலகத்துக்குப் பின்னாடி, வண்டி நிறுத்துற இடத்துல ஆடுறோம். அங்க விளக்கு இருக்கு. குளிக்கிறது ரூமுக்கு வந்துதான்."

அரங்கத்துக்குத் திரும்பி வரலாமே, எல்லாம் சரிசெய்துவிட்டோம் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். அப்புறம் என் முகத்தை உற்றுப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "நாங்க வரலேன்னா உங்களுக்கு ஏதாவது பிரச்சனையா மேடம்?"னு கேட்டாள்.

நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. நின்றேன். அவளே புரிந்துகொண்டாள்.

"கவலைப்படாதீங்க மேடம். நான் எல்லார்கிட்டயும் பேசறேன். நாளையிலேருந்து வந்துடறோம்."

வந்துவிட்டார்கள், கொக்கு. மொத்த அணியும், கூடவே தோழிகளையும் அழைத்துக்கொண்டு. இப்போது அரங்கம் நிறைந்திருக்கிறது. பதிவாளர்கூட ஆச்சரியப்பட்டுப் பாராட்டினார். பந்து தரையில் விழுகிற சத்தம் என் அறைவரை கேட்கிறது. ஆயம்மாவுக்காகப் பேசாமல் இருந்த பெண்கள், இப்போது எனக்காக வந்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள். போகும்போது என் அறை வாசலில் நின்று வணக்கம் சொல்வார்கள். அதற்குள் கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணி